அவரைக்குப் போர்வை

1

போன வருஷம் மார்ச்சில், நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து நாலு வருஷம் முடிந்த அன்றைக்கு, கடையில் ஒரு காலிஃப்ளவரைக் கையில் எடுத்தேன். விலையைப் பார்த்தேன். தூங்கிவிட்ட குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல, சத்தம் வராமல், எடுத்த இடத்திலேயே படுக்க வைத்துவிட்டு வந்தேன்.

விலை அன்றைக்குத்தான் ஏறியது என்றில்லை. கொஞ்ச நாளாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஆறு தக்காளி இருந்த டப்பாவில் இப்போது ஐந்து இருந்தது. விலை ஏழு தக்காளிக்கு இருந்தது. காரிமங்கலம் சந்தையில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினால், கேட்காமலே நாலு பச்சை மிளகாயும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் பைக்குள் விழும். முறைத்துப் பார்த்தால் இன்னொரு கத்திரிக்காயும் விழும். இங்கே நாமே காசு கட்டிக்கொள்கிற மெஷினிடம் கொசுறு கேட்க முடியாது. ஒருமுறை பையைக் கொஞ்சம் அழுத்தி வைத்ததற்கே சிவப்பு விளக்கைப் போட்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மாதேஷ் நான்தான். என் மனைவி சுமதி நர்ஸ். வேலை அவளுக்குக் கிடைத்தது. விசாவில் அவள் பெயருக்குக் கீழே, அவளைச் சார்ந்திருப்பவர் என்று என் பெயரைப் போட்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒரு அரசாங்கம் எழுத்தில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் இங்கே ரொட்டி ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். மகள் கயல்விழிக்குப் பதினைந்து வயசு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கே.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் தண்ணி குடிப்பார்கள். நான் மொத்தமாக வாங்கிவிடுவேன். சோபாவுக்குப் பின்னால் அரிசி மூட்டை. படிக்கட்டுக்குக் கீழே வெங்காய மூட்டை. வெங்காயம் இருட்டில் முளைவிட்டு, ஒரு நாள் வாக்குவம் கிளீனரை எடுக்கப் போன சுமதியின் காலைத் தொட்டது. அவள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

காலிஃப்ளவரைப் படுக்க வைத்த அன்று வீட்டில் மீட்டிங் போட்டேன். "இனிமே இந்த வூட்டுக்குக் காய் வெளியில இருந்து வராது. நாமே போடறோம்" என்றேன்.

சுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, ராத்திரி பூரா ரொட்டி சுட்டுட்டு வந்து பேசற பேச்சா இது. போய்ப் படுங்க."

கயல் காதிலிருந்து ஒரு பக்க இயர்போனை மட்டும் எடுத்தாள். "அப்பா, உங்களுக்கு விவசாயம் தெரியுமா?"

"நம்ம பரம்பரையே விவசாயம்."

"நீங்க?"

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம். தமிழ் குறையக் குறைய, கேள்வி கூர்மையாகிறது.

2

இங்கே அலாட்மென்ட் என்று ஒன்று உண்டு. ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கவுன்சிலுக்குச் சொந்தமான நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ளச் சொற்ப வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு துண்டு, நம்மூர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் பாதி இருக்கும். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர் ஸ்காட்லாந்துக்குக் குடிபோனதால், நான் எதிர்பார்க்காத வேகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலாட்மென்ட் சங்கத்தின் செயலாளர் ஜேனட். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். கழுத்தில் விசில் இல்லாததுதான் குறை. அந்த அம்மா என்னை நிலத்துக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டம் சொன்னார். முதல் வருஷம் சோதனை வருஷம். நிலத்தில் முக்கால்வாசியாவது பயிர் இருக்க வேண்டும். பயிரில் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டில் வந்து பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் வாசல் கேட் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நிலம் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"முன்அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"நிறைய" என்றேன். எங்கள் கொல்லையில் உழுகிறவர்களுக்கு நான் சோறு கொண்டுபோன அனுபவம் நிறைய.

"என்ன போடப் போறீங்க?"

"அவரை. ரொம்ப சுலபம். எங்க ஊர்ல அது தானா வரும்."

"தானாவே வருமா?" ஜேனட் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எவ்வளவு சௌகரியம்."

அந்தக் குரலில் இருந்த எதையோ நான் அப்போது கவனிக்கவில்லை. கையில் சாவி விழுந்திருந்தது. நாலு வருஷத்தில் இந்த நாட்டில் ஒரு கதவுக்கான சாவி என் பேரில் கிடைத்தது அதுதான் முதல். வீட்டு வாடகை ஒப்பந்தம்கூட சுமதி பேரில்தான்.

அந்த நிலத்தை நான் விடக்கூடாது என்று முடிவு பண்ணியது காய்க்காக இல்லை. முதல் வாரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். டே ஷிப்ட் முடிந்து சுமதி நேராக அங்கே வந்தாள். ஷூவைக் கழற்றினாள். கருவி வைக்கிற ஷெட் வாசலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை. சமையலைப் பற்றிப் பேசவில்லை. காலை நீட்டிக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாளும் வந்தாள். பக்கெட் அவளுடையதாகிவிட்டது.

3

எங்கள் பக்கம் அவரை என்றால் காயை உரித்துக் கொட்டையைத் தின்கிற அவரை. தெற்கே போனால் மொச்சை என்பார்கள். கேழ்வரகு விதைக்கும்போது நடுவில் நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசையாக இதையும் போட்டு விடுவார்கள். கேழ்வரகுக்கு மழை வரவில்லை என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதுவும் யாரையும் கண்டுகொள்ளாது. மார்கழிக் குளிர் இறங்கியதும் கொடி முழுக்கப் பூத்து நிற்கும்.

என் கணக்கு இதுதான்: அவரைக்கு வேண்டியது குளிர். இங்கே குளிருக்கு என்ன குறை? ஊரில் ரெண்டு மாசம் காய்க்கிற சாமான் இங்கே வருஷம் முழுக்கக் காய்த்துக் கொட்டும். இதை இதுவரை யாரும் யோசிக்கவில்லையே என்று எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

சமையலுக்கு விற்கிற காய்ந்த மொச்சையைத் தமிழ்க் கடையில் வாங்கி, ஏப்ரலில் வீட்டு ஜன்னல் ஓரமெல்லாம் தொட்டியில் ஊன்றினேன். எல்லாம் முளைத்தது. ஜன்னல் போதவில்லை. மிஞ்சின ஒரு தொட்டியைக் கயல் அறை ஜன்னலில் வைத்தேன். "எதுக்கு என் ரூம்?" என்றாள். "காத்து நல்லா வரும்" என்றேன். அந்த ஜன்னலுக்கு அவள் தொங்கவிட்டிருந்தது கனத்த கறுப்புத் திரை. காற்று என்ன, கடவுளே வந்தாலும் உள்ளே நுழைய முடியாது.

ஜூன் ஆரம்பத்தில் நாற்றுகளை நிலத்தில் நட்டேன். மூங்கில் கழிகளைக் கட்டிப் பந்தல் போட்டேன். தக்காளியும் நாலு செடி வைத்தேன், ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் அது கறுத்துப் போனது. அவரை மட்டும் வளர்ந்தது. அப்படி ஒரு வளர்ச்சி. கழியின் உச்சிக்குப் போய், பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் துழாவி, ஷெட் கூரையில் ஏறி, வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் இறங்கியது.

பக்கத்து நிலம் கென் என்பவருடையது. முன்னாள் லாரி டிரைவர், எழுபது வயதிருக்கும். தினமும் வருவார், பேசமாட்டார். வரிசை பிடித்த மாதிரி லெட்டூஸ் கீரை போட்டிருந்தார். என் கொடி அவர் கீரைக்கு மேல் நிழல் கட்டிக்கொண்டிருந்தது. அவர் கொடியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், டீயைக் குடிப்பார்.

ஜூலை வந்தது. இலை, இலை, இலை. ஒரு மொட்டு இல்லை. ஆகஸ்டில் ஜேனட் அம்மா வருவார். "தானாவே வருமா?" என்று கேட்ட குரல் இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பயத்தில் என்னென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று மோர் தெளித்தேன். இன்னொருவர் சொன்னார் என்று கொடிக்குப் பாட்டுப் போட்டேன். கென் அன்றைக்கு டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். கடைசியில் கம்பைநல்லூர் பக்கம் வாக்கப்பட்டிருக்கிற என் அக்கா மாதம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடியைக் காட்டினேன்.

"எலை நல்லாத்தான்டா இருக்குது" என்றாள் அக்கா. "ரெண்டு மாடு வாங்கிக் கட்டிடு."

4

ஒரு சனிக்கிழமை நைட் ஷிப்ட் தூக்கம் கலைந்து மத்தியானம் எழுந்தேன். கயல் அறை இன்னும் இருட்டாகக் கிடந்தது. கோடை விடுமுறை. எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டைதான்: பகல் பாதி போன பிறகுதான் அவள் திரையைத் திறப்பாள், சாயங்காலம் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே போனில் படம் பார்க்க இழுத்து மூடிவிடுவாள். இந்த ஊரில் ஜூலை மாதம் ராத்திரி ஒன்பதரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை வீணாக்குகிறாளே என்று எனக்கு வயிறு எரியும். வெளிச்சத்தையும் மொத்தமாக வாங்கிச் சோபாவுக்குப் பின்னால் வைக்கிற ஆள் நான்.

"மணி என்ன ஆவுது? இது வூடா, குகையா?" என்று சொல்லிக்கொண்டே போய்த் திரையை ஒரு இழு இழுத்தேன்.

தொட்டியில், நான் மறந்தே போயிருந்த அந்த ஒற்றை அவரைக் கொடி, கயல் குடித்து மிஞ்சின தண்ணீரில் பிழைத்து, ஒல்லியாக, வெளிறிப்போய், ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு கொத்துப் பூ.

திட்ட வந்தவன் வாயைத் திறந்தபடி நின்றேன். கயல் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். "அப்பா, ஆர் யூ ஓகே?"

உடனே அக்காவுக்குக் கால் போட்டேன். அவளுக்கு அப்போது மாட்டுக்குத் தீனி போடுகிற நேரம். பூவைக் காட்டினேன். அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எங்களுக்கு அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"கொல்லையில பூக்காதது வூட்டுக்குள்ள எப்படிடா பூத்துச்சு? ஏன்டா, அங்க பொழுது எப்ப சாயும்?"

"ஒம்பதரை ஆவும்க்கா."

"ஒம்பதரையா? அப்ப வெளக்குக் கம்பத்து அவரை கதைதான் இது."

"எந்த வெளக்குக் கம்பம்?"

"நம்ம தெரு மூலையில பஞ்சாயத்துல புதுசா லைட்டு போட்டாங்க இல்ல, வெள்ளை லைட்டு. அது அடிக்கற பக்கம் வேலி அவரை மூணு வருஷமா பூக்கறதில்ல. இந்தப் பக்கம் இருட்டுல இருக்கறது பூக்குது. லைட்டை மாத்துங்கன்னு நானும் போய்ச் சொன்னேன். அவரைக்காவ லைட்டை அணைக்கச் சொன்ன மொத ஆளு நீதான்மான்னு சிரிக்கறாங்க."

கயல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுடைய அத்தையிடம் அவள் தானாகப் பேசி ரெண்டு வருஷம் இருக்கும். நான் போனை நீட்டினால் "ஹாய் அத்தை, நல்லாருக்கீங்களா" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவள்.

"அத்தை, அந்த லைட் நைட் ஃபுல்லா எரியுமா?"

"ஆமாம் கண்ணு. விடிய விடிய எரியும்."

"அப்போ அதுக்குக் குளிர் இல்ல. டார்க்... இருட்டு. இருட்டுதான் வேணும். நைட் பெருசா இருக்கணும்." கயல் திரையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "அப்பா, என் கர்ட்டன்தான் உங்க பீன்ஸைப் பூக்க வச்சுது. இத்தனை நாள் என்னைத் திட்டினீங்க."

நெட்டிலும் தேடிக் காட்டினாள். அப்படித்தான் போட்டிருந்தது. நம்மூரில் மார்கழியில் பூப்பது குளிருக்காக இல்லை, பொழுது சீக்கிரம் சாய்வதற்காக. அக்கா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்தப் புள்ளைக்கு இவ்வளவு தமிழு தெரியுமாடா?" என்றாள்.

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

5

இருட்டு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இருட்டைச் செய்ய எனக்கா தெரியாது. முன்பக்கப் பந்தல் மட்டும் மூடுகிற அளவுக்குப் பெரிய கறுப்புத் தார்ப்பாய் வாங்கினேன். மொத்தமாகத்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பந்தலை மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைப்பேன். ராத்திரி வேலைக்குப் போவேன். காலையில் ஃபேக்டரியிலிருந்து வருகிற வழியில் ஏழு மணிக்குத் திறப்பேன். கொடிகளுக்கு நான் பாய் விரித்துப் படுக்க வைத்து, எழுப்பிவிடுகிற ஆயாம்மா ஆகிவிட்டேன்.

செய்கிற காரியம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வெளிநாட்டு ஆள் ஒருத்தன். ஒரு செடியைக் கறுப்புத் துணியால் மூடுகிறான். தினமும் குறித்த நேரத்துக்கு வருகிறான். யாராவது பார்த்தால் சிரிக்கிறான்.

ஆகஸ்ட் முதல் வாரம் சாயங்காலம் நான் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜேனட் அம்மா கேட்டைத் திறந்து வந்தார். பின்னால் சங்கத்து ஆள் ஒருவர். அவருக்குப் பின்னால், லெட்டூஸ் பக்கம் குனிந்து எதையோ தேடுவது போல, கென்.

"மிஸ்டர் மாதேஷ், உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒன்றுமில்லாததை ஏன் ஒருவன் மூடுகிறான் என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். செங்கல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அது இன்னும் மோசமாக இருந்தது.

"பீன்ஸ் மட்டும்தான்" என்றேன். "குடும்ப பீன்ஸ்." அப்புறம் எதற்கென்றே தெரியாமல், "என் மனைவி நர்ஸ்" என்றேன்.

"போன வருஷம் வேற ஒரு இடத்துல ஒருத்தர் இப்படித்தான் மூடி மூடித் திறந்துட்டிருந்தாராம்" என்றார் ஜேனட் அம்மா, ரொம்ப மென்மையாக. "அது பீன்ஸ் இல்ல. பூக்க வைக்க இதே மாதிரி மூடி இருட்டாக்குவாங்களாம். அதனால கேட்கவேண்டியது என் கடமை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கஞ்சா. காரிமங்கலம் டீக்கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. "நம்ம மாதேசு, லண்டன்ல கஞ்சா கேஸ்ல உள்ள போயிட்டானாமே. இங்க இருந்தப்ப பிரேக் ஷூ கூட ஒழுங்கா விக்கத் தெரியாது." நாங்கள் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நன்னடத்தை என்று அதில் ஒரு கேள்வி உண்டு. சுமதியின் வேலை, கயலின் பள்ளிக்கூடம், விமான டிக்கெட், காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளோடு நாங்கள் மூன்று பேர் இறங்குவது எல்லாம் ஒரே மூச்சில் ஓடியது. அந்தப் படத்தில் சுமதி என்னோடு பேசாமல் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. தார்ப்பாயைத் திறந்து காட்டினால் முடிந்திருக்கும். நான் அதை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த கயல் கேட்டில் நுழைந்தாள். ஒரு நிமிஷம் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். என் கையிலிருந்து தார்ப்பாய் நுனியை வாங்கி மேலே தூக்கினாள். அப்புறம் அவள் ஜேனட் அம்மாவிடம் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை, அவ்வளவு வேகம். பகல் நீளம், ராத்திரி நீளம், அத்தையின் விளக்குக் கம்பம், தன் ஜன்னல் திரை. போனில் ஊதாப் பூவின் படத்தைக் காட்டினாள். ஜேனட் அம்மா அந்த வயதிலும் முட்டி போட்டுப் பந்தலுக்குள் தலையை நுழைத்தார்.

"இங்க ஒரு மொட்டு இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் அவர்தான். வெளியே வந்து தலையிலிருந்த இலையைத் தட்டினார். "தானாவே வரும்னு சொன்னீங்களே."

"ஊர்ல" என்றேன்.

"பலன் இன்னும் கண்ணுக்குத் தெரியல, மிஸ்டர் மாதேஷ். சட்டப்படி நான் இப்ப சாவியைக் கேட்கணும்."

அந்த நேரத்தில் கென், கீரையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோடையிலேயே முதல் முழு வாக்கியத்தைப் பேசினார். "இந்த வருஷ வெயில்ல எல்லார் லெட்டூஸும் முத்திப்போச்சு. என்னோடது போகல. அந்தாள் கொடி நிழல்."

ஜேனட் அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்டோபர்ல திரும்ப வர்றேன்" என்றார். "காய் இருக்கணும்."

6

ஆகஸ்ட் கடைசியில் ஃபேக்டரியில் என்னை நைட் ஷிப்டிலிருந்து மத்தியான ஷிப்டுக்கு மாற்றினார்கள். காலையில் திறக்கலாம், பிரச்சினை இல்லை. சாயங்காலம் யார் மூடுவது? சுமதிக்கு டியூட்டி. கயல் மூடினாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லாமலே மூடினாள். ஆனால் ஒரு நாள் தோழி வீட்டில் இருந்தவள் மறந்துபோனாள். ஏழு மணி வாக்கில் "அப்பா சாரி, பீன்ஸ்" என்று மெசேஜ் வந்தது.

மொட்டுப் பிடிக்கிற நேரத்தில் இருட்டு தப்பினால் கொடி மனசு மாறி மறுபடி இலைக்குப் போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சூப்பர்வைசரிடம் அரை மணி நேரம் கேட்டேன். "வீட்ல ஏதும் அவசரமா?" என்றார். "ஆமா, பீன்ஸ்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, முழங்கை வரை மாவு. அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். இறங்கி ஓடினேன்.

பந்தல் மூடியிருந்தது. நான் மூடுவதைவிட ஒழுங்காக. தார்ப்பாயின் மடிப்பெல்லாம் லாரியில் சரக்கு கட்டுகிற மாதிரி இழுத்து, முடிச்சுப் போட்டு, செங்கல்கள் ஒரே இடைவெளியில். கென் வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு மூடுவீங்க" என்றார். "ஆறே கால் ஆச்சு, யாரும் வரல. உட்கார முடியல."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு ஜேனட்கிட்ட என்னைப் பத்திச் சொன்னது நீங்களா?"

"ஆமா." டீயை ஒரு மிடறு குடித்தார். "அதனாலதான் மூடறேன்."

அதற்குப் பிறகு வேலை நாட்களில் அவரே மூடினார். எனக்கு நன்றி சொல்லத் தெரியாமல், அந்த வாரம் ஃபேக்டரியிலிருந்து ஒரு பை நிறைய ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் ஷெட் வாசலில் எனக்கு ஒரு பை லெட்டூஸ் இருந்தது. விலைவாசிக்கு எதிராக நான் தொடங்கிய போரில், கையில் கிடைத்த முதல் காய் கென் போட்ட கீரை.

7

செப்டம்பரில் பந்தல் முழுக்கப் பூத்தது. அக்டோபரில் கொட்டை திரண்டது. மூடாமல் விட்ட பின்பக்கப் பந்தல் அப்போதுதான் ஒன்றிரண்டு மொட்டு விட்டது. பொழுது தானாகச் சுருங்கியதும் அது விழித்துக்கொண்டதாம். உறைபனி வந்து அதைக் கருக்கிவிட்டது, பாவம். ராத்திரி தார்ப்பாய்க்குள் படுத்திருந்தது மட்டும் பிழைத்தது.

ஜேனட் அம்மா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் பாதிக் காயைப் பறித்து, உரித்து, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டோம். ஊறின அவரைக் கொட்டையை ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்துவிட்டுக் குழம்பு வைப்பதுதான் எங்கள் பக்கத்துப் பிதுக்கம்பருப்பு. களிக்கு அதை விட்டால் வேறு இல்லை. ஒரு குழம்புக்கு வீடே உட்கார்ந்து பிதுக்கவேண்டும். சின்ன வயசில் நானும் அக்காவும் டிவி முன்னால் உட்கார்ந்து பிதுக்குவோம். சரியான கோணத்தில் அழுத்தினால் பருப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அக்காவின் காதுதான் என் குறி.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தோடு நிலத்துக்கே போனோம். அடுப்புக்கு அனுமதி இல்லை, பிதுக்கத் தடை இல்லை. சுமதி தன் பக்கெட்டில். கயல் போனைச் செங்கல் மேல் நிறுத்தி அத்தைக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். கென் ஸ்டூலோடு வேலியைத் தாண்டி வந்துவிட்டார். லாரி ஓட்டின கட்டை விரலுக்கு முதல் நாலு பருப்பு நசுங்கியது. ஐந்தாவது பறந்துபோய் அவர் டீக்குள்ளேயே விழுந்தது. கென் அதை எடுத்து வாயில் போட்டுப் பச்சையாகத் தின்னப் பார்த்தார். சுமதி நர்ஸ் குரலில் "நோ" என்றாள். வேகாமல் தின்னக்கூடாது என்று கயல் விளக்கிச் சொன்னாள்.

ஜேனட் அம்மா வந்தார். பந்தலைச் சுற்றி நடந்தார். தொங்கிய காயைத் தொட்டுப் பார்த்தார். பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, "இதை எப்படிச் செய்யறீங்க?" என்றார். கயல் காட்டினாள். அந்த அம்மா கோட்டின் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அல்லவா, மூன்றாவது பருப்பிலேயே பிடி கிடைத்துவிட்டது.

நான் பாக்கெட்டில் கை விட்டுச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு முன்னால் நாமே கொடுத்துவிடுவது மரியாதை என்று என் பயம் எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் நான் பயப்படாத விஷயம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசித்தேன். பக்கெட் மேல் உட்கார்ந்து காலை நீட்டியிருந்த சுமதியைப் பார்த்தேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி எழுந்து, ஜேனட் அம்மா முன்னால் சாவியை நீட்டினேன்.

"சோதனை வருஷம் முடிஞ்சுது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரலெல்லாம் அவரைத் தோல் ஒட்டியிருந்தது.

"எதுல வாங்குவேன் அதை? நீங்களே வச்சுக்கங்க." குனிந்து அடுத்த கொட்டையை எடுத்தார். "அடுத்த வருஷம் அந்தக் கறுப்புத் துணி மட்டும் வேண்டாம். சாவு வீடு மாதிரி இருக்கு. எங்கிட்டப் பழைய ஜன்னல் திரை இருக்கு, ரோஜாப்பூ போட்டது. நல்ல கனம்."

சுமதி என்னைப் பார்க்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிதுக்குகிற கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஓடியது. அப்போது என் காதில் சுளீரென்று ஒரு பருப்பு வந்து அடித்தது. திரும்பினேன். கயல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல் மேலிருந்த போனிலிருந்து அக்கா கத்தினாள். "ஏன் கண்ணு, அந்தம்மா என்னாத்தைச் சொல்லுது? ஒண்ணும் வெளங்கலை."

கயல் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"சாவி நம்மகிட்டயே இருக்கட்டுமாம், அத்தை."